ஐந்தாவது தந்தி: ஐரிஷ் மெட்டும் ‘மரபல்லாத’ கையும்

ஐரிஷ் மரபிசையில் பான்ஜோவுக்கு இடம் உண்டு. ஆனால் எந்தப் பான்ஜோ, எந்தக் கை என்பதில் கறார் காட்டுவார்கள். நான்கு தந்தி கொண்ட டெனர் பான்ஜோவைச் சிறு ‘பிக்’ கொண்டு ஒவ்வொரு சுரமாகத் தட்டி வாசித்தால் அது மரபு. ஐந்து தந்திப் பான்ஜோவை விரல் நகத்தால் மேலிருந்து கீழாக அடித்து வாசித்தாலோ, மூன்று விரல்களில் உறை மாட்டிக்கொண்டு மீட்டினாலோ அது ‘மரபல்லாத பாணி’. நகத்தால் அடிக்கும் முறைக்குக் கிளாஹேமர் என்று பெயர். மெட்டு மாறுவதில்லை. அதே ரீல், அதே ஜிக். மாறுவது கை மட்டும். மெட்டைக் கேட்பதற்கு முன்பே கையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

அந்த ‘அல்லாத’ என்ற சொல்லைத்தான் இக்கட்டுரை விசாரிக்கிறது. நான் பான்ஜோ வாசிப்பவள் அல்ல. ஒலிப்பதிவுகளைக் கேட்பவள், இசை வரலாற்றை வாசிப்பவள். ஆனால் தமிழ் படித்து, தமிழ் நடத்திப் பிழைப்பவள் என்பதால் ‘மரபு’ எனக்கு அன்றாடச் சொல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயல் மரபியல். எந்த விலங்கின் குட்டிக்கு என்ன பெயர், ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது என்பதில் தொடங்கி, எந்த வருணத்தாருக்கு எது உரியது என்பது வரை அந்த இயல் போகும். பெயர் வைக்கும் அதிகாரமும், இன்னாருக்கு இன்னது என்று பங்கு பிரிக்கும் அதிகாரமும் ஒரே இயலில் இருப்பது தற்செயல் அல்ல. எந்த நாட்டு மரபைப் பற்றிப் படித்தாலும் இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று தேடுவது எனக்குப் பழகிப்போனது.

நான்கு தந்தியின் வயது

டெனர் பான்ஜோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. நடன அரங்குகளின் வாத்தியக் குழுக்களுக்குச் சத்தமான, தாளத்தைத் தெளிவாகத் தரும் கருவி தேவைப்பட்டது. பழைய பான்ஜோவின் குட்டைத் தந்தியைக் கழற்றிவிட்டு, நான்கு தந்தியும் பிக்குமாக அது வந்தது. 1920களில் நியூயார்க்கில் குடியேறிய ஐரிஷ்காரர்களின் இசைத்தட்டுகளில் அது ஒலிக்கத் தொடங்கியது. ஃபிளனகன் சகோதரர்களில் ஒருவரான மைக் ஃபிளனகன் அதை வாசித்தார். இன்று பரவலாக இருக்கும் சுருதியமைப்பு, அதாவது ஃபிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே அதே நான்கு சுரங்களில் தந்திகளைக் கூட்டுவது, 1960களில் ‘டப்ளினர்ஸ்’ குழுவின் பார்னி மக்கென்னா வழியாகப் பரவியது.

ஆக, ஐரிஷ் பான்ஜோவின் ‘தொன்மையான’ பாணிக்கு வயது சுமார் நூறு. அதன் இன்றைய வடிவத்துக்கு வயது அறுபது சொச்சம். இதில் குறை ஒன்றும் இல்லை. எல்லா மரபுகளும் ஏதோ ஒரு காலத்தில் புதுசாக இருந்தவைதான். கிரேக்கத்தின் பூசூக்கி கூட 1960களில் ஐரிஷ் இசைக்குள் வந்து, சில பத்தாண்டுகளில் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஆனால் கிளாஹேமர் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. ஏன் என்று கேட்டால், அது ‘அமெரிக்க’ பாணி என்பது வழக்கமான பதில். டெனர் பான்ஜோவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே என்று திருப்பிக் கேட்டால் அந்தப் பதில் நிற்காது.

குட்டைத் தந்தி யாருடையது

ஐந்தாவது தந்தி மற்ற நான்கைவிடக் குட்டையானது. கழுத்தின் பாதியில் தொடங்கி, கட்டைவிரல் பக்கமாக ஓடுகிறது. அதில் மெட்டு வாசிப்பது அரிது. ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நம் காதுக்குச் சொன்னால், மெட்டுக்குள்ளேயே வைத்துத் தைத்த சுருதி.

இந்தத் தந்தியைக் கண்டுபிடித்தவர் என்று நெடுங்காலம் ஒருவர் பெயர் சொல்லப்பட்டது: ஜோயல் வாக்கர் ஸ்வீனி. வர்ஜீனியாவில் பிறந்தவர், ஐரிஷ் வழிவந்தவர். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்யும் ‘மின்ஸ்ட்ரல்’ மேடைகளில் பான்ஜோவைப் பிரபலமாக்கியவர். 1840களில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் அதைக் கொண்டுபோனவர். ஆனால் வாசிக்கும் முறையை அவர் கற்றது தன் ஊரில் இருந்த கறுப்பின மக்களிடம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்வீனி பிறப்பதற்கு முன்பே, தென் கரோலினாவில் வரையப்பட்ட ‘பழைய தோட்டம்’ என்ற ஓவியத்தில் அடிமைகளாக்கப்பட்ட மக்களில் ஒருவர் சுரைக்குடுக்கைப் பான்ஜோவோடு அமர்ந்திருக்கிறார். அதிலேயே குட்டைத் தந்தி இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா மக்களுடைய அக்கோன்டிங் என்ற வாத்தியத்திலும் கட்டைவிரலுக்கு ஒரு குட்டைத் தந்தி உண்டு. நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் முறையும் உண்டு. காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜாட்டா இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

1855இல் பாஸ்டனில் வெளியான பிரிக்ஸின் பான்ஜோ பயிற்சி நூல், இந்தக் கீழடி முறையை முதன்முதலாக விரிவாக அச்சேற்றியது. அதிலும் அதன் பின்னால் வந்த பயிற்சி நூல்களிலும் ஜிக்குகள் இருக்கின்றன. ஜிக் வகை மெட்டும் நகத்தடியும் டெனர் பான்ஜோ பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரே பக்கத்தில் சந்தித்துவிட்டன என்று இதற்குப் பொருள். ‘மரபல்லாத’ கை, ‘மரபான’ கையைவிட மூத்தது.

இந்த உண்மையைச் சொல்லிவிட்டு வெற்றிக்கொடி நாட்ட முடியாது. அந்தச் சந்திப்பு நடந்த இடம் கரி பூசிய முகங்களின் மேடை. பசியாலும் நிலப்பிரபுக்களாலும் துரத்தப்பட்டு வந்தவர்களின் வாரிசுகளில் சிலர், தங்களுக்கும் கீழே ஒருவரை நிறுத்திக் கேலி செய்து மேலே ஏறிய இடம் அது. டெனரை மட்டும் மரபு என்பவர்கள் இந்த வரலாற்றைப் பேசாமல் தவிர்க்கிறார்கள். ஐந்து தந்தியைச் ‘சுதந்திரமான பாணி’ என்று கொண்டாடுபவர்களோ, அது யாருடைய சுதந்திரமின்மையிலிருந்து வந்தது என்பதை மறக்கிறார்கள். இரண்டு மறதியும் ஒன்றுக்கொன்று உறவு.

வரவேற்பறையின் பெண்கள்

பெண்ணியம் பேசும் நாமும் இதில் தப்பிக்க முடியாது. 1880களிலும் 90களிலும் அமெரிக்காவில் பான்ஜோ மத்தியதர வீடுகளின் வரவேற்பறைக்குள் நுழைந்தது. பிலடெல்ஃபியாவில் பான்ஜோ தயாரித்து விற்ற எஸ். எஸ். ஸ்டூவர்ட் போன்றவர்கள், அது சீமாட்டிகளுக்கும் ஏற்ற கருவி என்று பிரசாரம் செய்தார்கள். அந்தப் பிரசாரத்தின் மறுபக்கம், கறுப்பரின் வாத்தியம் என்ற அடையாளத்தைத் துடைத்தெறிவது.

1893ஐ ஒட்டி இரண்டு ஓவியங்கள் வந்தன. இரண்டுக்கும் ஒரே தலைப்பு: ‘பான்ஜோ பாடம்’. மேரி கசாட்டின் படத்தில் ஒரு வெள்ளைப் பெண் வாசிக்கிறாள். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி கவனிக்கிறாள். ஹென்றி ஒசாவா டானரின் படத்தில், எளிய வீடொன்றில் முதிய கறுப்பர் ஒருவர் தன் மடியோரம் நிற்கும் சிறுவனுக்குக் கற்றுத்தருகிறார். கசாட்டின் படம் பெண்ணிலிருந்து பெண்ணுக்குக் கலை கைமாறுவதைக் காட்டுகிறது. அன்றைய ஓவிய உலகில் அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்தப் பெண்ணின் கைக்குப் பான்ஜோ வந்து சேர்ந்த வழியில் டானரின் முதியவர் அழிக்கப்பட்டிருக்கிறார். டானரின் படத்திலோ கற்பவரும் கற்பிப்பவரும் ஆண்கள். இரண்டு படங்களிலும் இல்லாதவள் ஒருத்தி இருக்கிறாள்: கறுப்பினப் பெண். அவளைப் பற்றி இக்கட்டுரையின் முடிவில் பேச வேண்டியிருக்கிறது.

அடுக்களையிலிருந்து மதுக்கூடத்துக்கு

அயர்லாந்தில் பெண்கள் வாசிக்காமல் இருந்ததில்லை. கிளேர் மாவட்டத்தில் கான்செர்டினா பெண்களின் கருவியாகவே கருதப்பட்டது. ‘பெண் அக்கார்டியன்’ என்றே அதற்கு ஐரிஷ் மொழியில் செல்லப்பெயர். கில்ரஷ் ஊரைச் சேர்ந்த எலிசபெத் கிராட்டி (1885–1960) வானொலி வழியாக நாடறிந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதுவரை அவர் இசை வீட்டிலும் ஊரிலும் இருந்தது. அங்கே அதற்குக் குறை எதுவும் இல்லை. ஊருக்கு வெளியே இருந்தவர்களின் காதுதான் எட்டவில்லை.

1935இல் பொது நடன மண்டபச் சட்டம் வந்தது. நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றது சட்டம். பாதிரியாரும் காவலரும் அதைக் காட்டி அடுக்களை நடனங்களைக்கூடத் தடுத்தார்கள். இசை வீட்டை விட்டு மண்டபத்துக்குப் போனது. பின்னர் மதுக்கூடத்துக்குப் போனது. இன்று ஐரிஷ் இசை என்றதும் நினைவுக்கு வரும் ‘செஷன்’, அதாவது மதுக்கூடத்தில் வட்டமாக அமர்ந்து வாசிப்பது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் லண்டனில் கூலி வேலைக்குப் போன ஐரிஷ்காரர்களிடையே வலுப்பெற்ற வழக்கம். பெண்களைத் தனித் தடுப்பறையில் உட்காரவைத்த கூடங்கள் பல இருந்த காலம் அது. மரபின் முகவரி அடுக்களையிலிருந்து மதுக்கூடத்துக்கு மாறியபோது, யார் நடுவில் உட்காருவது என்பதும் சேர்ந்தே மாறியது. பெண்கள் மரபை விட்டுப் போகவில்லை. அவர்கள் நுழையக் கூச வேண்டிய ஓரிடத்துக்கு மரபு வீடு மாற்றிக்கொண்டது.

அந்த லண்டன் கூடங்களில் ஒன்றான கேம்டன் டவுனின் பெட்ஃபோர்ட் ஆர்ம்ஸில், ஸ்லைகோவைச் சேர்ந்த ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோர்மனோடு ஒரு பெண் பான்ஜோவுடன் உட்கார்ந்தார். மார்கரெட் பேரி, 1917இல் கார்க் நகரில் பிறந்தவர். ‘டிராவலர்’ என்ற நாடோடிச் சமூகத்தவர். பதின்வயதில் வீட்டை விட்டு வெளியேறி, சைக்கிளில் ஊர் ஊராகச் சந்தைகளிலும் தெருக்களிலும் பாடிப் பிழைத்தவர். 1951இல் ஆலன் லோமாக்ஸ் அவரைப் பதிவு செய்தார். அவர் கையில் இருந்தது ஐந்து தந்திப் பான்ஜோ.

பேரியின் வாசிப்பை நுட்பமற்றது என்று ஒதுக்குவது எளிது. குரலுக்கு அடியில் சில தட்டல்கள், சில சுரங்கள், நீண்ட இடைவெளிகள். ஆனால் அந்த வாசிப்பு எதற்காக என்று பார்க்க வேண்டும். மாட்டுச் சந்தையின் இரைச்சலுக்கு நடுவே, தனியாக நிற்கும் ஒரு பெண் தன் குரலுக்கு ஒரு தளம் போட்டுக்கொள்கிறாள். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும் வரை அந்த இடம் அவளுடையது. மெட்டை அலங்கரிப்பது அவர் பான்ஜோவின் வேலையல்ல. பாடுகிறவளுக்கு நிற்க இடம் பிடித்துத் தருவதே அதன் வேலை. தன் புகழ்பெற்ற பாட்டு ஒன்றைக் கடையில் ஓடிய ஜான் மக்கார்மக்கின் இசைத்தட்டைக் கேட்டுக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டி வாய்மொழியாகத் தந்த தூய மரபைத் தேடி வந்தவர்களுக்கு இது சங்கடமான பதில். அவருக்கு அதில் சங்கடம் இல்லை.

பேரி இன்று மரபின் மகாராணி. ஆனால் அவருடைய ஐந்து தந்தி மட்டும் மரபின் கணக்கில் சேரவில்லை. குரலை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டார்கள். அவர் பிறந்த சமூகத்தைத் தனி இனக்குழு என்று அயர்லாந்து அரசு ஏற்க 2017 வரை ஆயிற்று.

கை என்ன செய்கிறது

வரலாற்று நியாயம் இருப்பதால் மட்டும் ஒரு வாசிப்பு நல்ல வாசிப்பாகிவிடாது. காதிடம் கேட்க வேண்டும்.

பெரும்பாலான ஐரிஷ் நடன மெட்டுகளில் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டுத் தாள அளவு, ஒவ்வொன்றும் இருமுறை. மொத்தம் 32. பான்ஜோவின் ஒலி பிறந்தவுடன் சாகிறது. ஃபிடிலின் வில்லும் குழலின் மூச்சும் நீட்டுவதைப் போல அதனால் நீட்ட முடியாது. டெனர் வாசிப்பவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஒரு சுரத்தின் இடத்தில் மூன்று துரித அடி. பொரி வெடிப்பதுபோல் வரும் அந்த மும்மை அடிதான் ஐரிஷ் பான்ஜோவின் கையெழுத்து. அது அழகு, சந்தேகமில்லை.

கிளாஹேமரில் நகம் அடிக்க, கட்டைவிரல் குட்டைத் தந்திக்குத் திரும்புகிறது. வேகமான ரீலில் நொடிக்கு ஏழு சுரம் வரை ஓடும். எல்லாவற்றையும் நகம் பிடிக்காது. எதை விடுவது, எதை இடது கை விரலைத் தட்டியோ இழுத்தோ எழுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். கென் பெர்ல்மன் போன்றவர்கள் ஒரு சுரத்தையும் விடாமல் பிடிக்கும் முறையை வளர்த்திருக்கிறார்கள். வியப்புக்குரிய உழைப்பு. ஆனாலும் ஃபிடிலோடு ஓட்டப்பந்தயம் வைக்கும் அந்த வாசிப்பைவிட, சுரங்களை உதிர்க்கும் வாசிப்பே என்னை அதிகம் நிறுத்துகிறது. மெட்டின் எலும்பு அங்கே தெரிகிறது. சொல்லாமல் விட்டதில் நிற்கும் கவிதைக்குப் பழகிய காது அதை உடனே அடையாளம் காணும்.

குட்டைத் தந்தியின் இன்னொரு கொடை சுருதி. ஐரிஷ் மெட்டுகளில் பல, நம் கரகரப்பிரியா, ஹரிகாம்போதி ஆகியவற்றின் சுர வரிசையில் அமைந்தவை. கிதார் போன்ற கருவிகள் கூட்டுச்சுரங்களால் அவற்றை மேற்கத்திய மேஜர், மைனர் சட்டத்துக்குள் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. மாறாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுருதி அந்த மெட்டுகளைத் திறந்தபடியே விடுகிறது. ஐரிஷ் இசையின் மூத்த கருவிகளில் ஒன்றான இல்லன் பைப்பின் சுருதிக் குழல்கள் செய்வதும் இதைத்தான். அந்த வகையில் ‘வெளியாளின்’ தந்தி, டெனர் கைவிட்ட ஒரு பழைய குணத்தை மெட்டுக்குத் திருப்பித் தருகிறது.

தோற்கும் இடமும் உண்டு. கிளாஹேமரின் கை இரட்டை நடையில் பழகியது; ஜிக்கோ மும்மூன்றாக நடக்கும் ஆறெட்டு. அந்த மூன்றாவது சுரத்தில் கட்டைவிரல் கனத்து விழ, மெட்டு நொண்டும் பதிவுகள் எத்தனையோ. மூன்று விரல் பாணியில் வேறு சிக்கல். அடுத்தடுத்த சுரங்கள் வெவ்வேறு தந்திகளில் எழுவதால் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, யாழ் போல ஒலிக்கும். மெதுவான மெட்டுக்கு அது வரம். ரீலில் அதே வழவழப்பு, ஆடுகிறவரின் பாதத்தைத் தரையிலிருந்து எழுப்பும் உந்தலைக் கரைத்துவிடுகிறது. மரபாளர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எனவே அவர்களின் மறுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ‘இந்த வாசிப்பில் மெட்டு எழவில்லை’ என்பது இசை பற்றிய பேச்சு. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், திருத்திக்கொள்ள வேண்டும். ‘இந்தக் கை இங்கே உட்காரக் கூடாது’ என்பது சொத்துரிமை பற்றிய பேச்சு. முதல் பேச்சின் குரலில் இரண்டாவது பேசப்படுவதுதான் மரபின் பழைய தந்திரம். பெண்கள் அதை நன்றாக அறிவார்கள். ‘அவள் வாசிப்பில் வலு இல்லை’ என்ற விமர்சனத்துக்குள் எத்தனை முறை ‘அவள் ஏன் இங்கே’ என்பது ஒளிந்திருக்கிறது!

இன்றைய கைகள்

2018இல் ஐரிஷ் மரபிசைக்காரர்கள் ‘ஃபேர்பிளே’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மேடையிலும் தயாரிப்பிலும் விளம்பரத்திலும் பாலினச் சமநிலை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 2020இல் ‘மிஷ ஃபோஸ்டா’, அதாவது ‘நானும்தான்’, என்ற அடையாளத்தோடு அந்த இசையுலகில் நேர்ந்த பாலியல் அத்துமீறல்களைப் பெண்கள் வெளியே சொன்னார்கள். வட்டமாக அமர்ந்தால் எல்லோரும் சமம் என்ற செஷனின் கற்பிதம் அதோடு உடைந்தது.

‘செரிஷ் த லேடீஸ்’ என்று ஒரு பழைய ஜிக் உண்டு. சீமாட்டிகளைப் போற்றுங்கள் என்று பொருள். 1985இல் நியூயார்க்கில் ஐரிஷ் அமெரிக்கப் பெண் கலைஞர்களுக்காகத் தொடங்கிய கச்சேரித் தொடருக்கும், ஜோனி மேடன் தலைமையில் அதிலிருந்து வளர்ந்த குழுவுக்கும் அதுவே பெயரானது. போற்றப்படும் பொருளாக இருந்தவர்கள் அந்த மெட்டின் பெயரைத் தங்கள் பலகையில் எழுதிக்கொண்டார்கள்.

பான்ஜோவில் இன்னொரு திருப்பம். 1991இல் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பான்ஜோ கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் அலிசன் பிரவுன். ஐந்து தந்திக்காரர், ஐரிஷ் கலைஞர்களோடு சேர்ந்து வாசிப்பவர். அவர் இணைந்து நிறுவிய காம்பஸ் ரெக்கார்ட்ஸ், ஐரிஷ் மரபிசைக்குப் பேர்போன கிரீன் லின்னட் நிறுவனத்தை 2006இல் வாங்கியது. ‘மரபல்லாத’ கையின் பொறுப்பில் இன்று மரபின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன.

அந்த இரண்டு ‘பான்ஜோ பாடம்’ படங்களிலும் இல்லாத பெண்ணைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். ரியானன் கிடன்ஸ் வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர், ஓபரா பயின்றவர், அயர்லாந்தில் வாழ்ந்தவர். அவர் வாசிப்பது ஃபிரெட் இல்லாத, கீழ்ச்சுருதியில் முனகும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வகைப் பான்ஜோ. மின்ஸ்ட்ரல் காலப் பயிற்சி நூல்களைத் திறந்து, கரி பூசியவர்கள் எழுதிவைத்த பக்கங்களிலிருந்தே தன் முன்னோர் கையை அவர் மீட்டெடுத்தார். பெருந்தொற்று ஊரடங்கின்போது டப்ளினுக்கு வெளியே பதிவு செய்து 2021இல் வெளியிட்ட ‘தே ஆர் காலிங் மீ ஹோம்’ தொகுப்பில், இத்தாலியரான பிரான்செஸ்கோ டுரிசியும், ஐரிஷ் குழலும் பைப்பும் வாசிக்கும் ஈமர் மேயக்கும், காங்கோவில் பிறந்த கிதார் கலைஞர் நிவெல் சும்புவும் உடன் வாசிக்கிறார்கள். அதில் பான்ஜோ முன்னே வந்து வித்தை காட்டுவதில்லை. தாழ்ந்த குரலில் நடந்துகொண்டே மற்றவர்களுக்கு வழி விடுகிறது. ‘கலவை இசை’ என்று அதை விற்பது எளிது. எனக்கு அது கலவையாகக் கேட்கவில்லை. ஒரே வீட்டிலிருந்து வெவ்வேறு காலத்தில் விற்கப்பட்ட பொருட்கள் மறுபடி ஒரே அறையில் வைக்கப்பட்டதுபோல் கேட்கிறது.

ஐரிஷ் மெட்டை வேறு கையால் வாசிக்க விரும்பும் எவருக்கும், எந்த ஊர்ப் பெண்ணுக்கும், அனுமதிச் சீட்டு தேவையில்லை. இரண்டு கடமைகள் மட்டும் உண்டு. மெட்டு எழுகிறதா என்று ஆடுகிறவரின் பாதத்தைக் கேட்டு வாசிக்க வேண்டும். தன் கட்டைவிரலின் கீழ் ஒலிக்கும் தந்தி யாரிடமிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான்கு தந்திக்காரர்களிடம் நாம் கேட்கும் கணக்கை ஐந்து தந்திக்காரர்களும் கொடுக்கத்தான் வேண்டும். அப்படிக் கணக்குக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் வாசிப்பை ‘மரபல்லாதது’ என்று அழைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.